பேருக்குத் தூக்குவது

நோய் இல்லாதவர்கள் ஒரு மருத்துவரைப் படுத்தும் பாடு நோயாளிகள் படுத்துவதில்லை. நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியும். வலி இல்லாதவர்கள்தான் எங்கே வலிக்கக்கூடும் என்று கேட்டு உயிரை வாங்குவார்கள். நெஞ்சறி நிறுவனம் விருதுநகரில் தன் வாசலை நிறுவிய அன்று அதில் நுழையக் காத்திருந்த கூட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் குளித்து, பவுடர் போட்டு, நல்ல சட்டை உடுத்தி வந்திருந்தார்கள்.

வாசல் என்றால் நிஜமாகவே வாசல்தான். கல்யாண மண்டபத்தின் முகப்பில் வைக்கும் வளைவு போல ஒன்று. கையில் உள்ள எண் அட்டையைக் காட்டிவிட்டு அதற்குள் நடந்துபோனால் போதும், துடிக்கிற இதயத்தை உள்ளும் புறமும் படம் பிடித்துவிடும். சுவரின் தடிமனைத் தலைமுடி அளவுக்குச் சொல்லும். ஐந்து வருடத்துக்குள் இந்த ஆள் திடீரென்று விழுந்து சாவாரா என்று கணித்து, மாட்டார் என்றால் பச்சை அட்டையும், விழலாம் என்றால் சிவப்பு அட்டையும் கொடுக்கும். சிவப்பு அட்டைக்காரரை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஏற்காது, ஆகவே எந்த முதலாளியும் வேலைக்கு வைக்க முடியாது. வாசல் யாருடைய முகத்தையும் பார்க்காது. எண்ணும் இதயமும் மட்டும்தான் அதற்குத் தெரியும். ரகசியம் காக்கிறோம் என்று நிறுவனம் இதையே பெருமையாக விளம்பரம் செய்தது.

ஊருக்குக் கேட்கவா வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்புக்குக் கீழே ‘பச்சை’ என்று அச்சடித்தார்கள். நகைக்கடை முதலாளி ஒருவர் தன் பச்சை அட்டையைச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, தினமும் மாலை சாத்தினார். செத்தவர் படத்துக்குப் போடுவது போல இருக்கிறது என்று நான் சொன்னேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. நஷ்டம் ஒன்றும் இல்லை.

என் பெயர் வசுமதி. சென்னையில் இருபத்து நான்கு வருடம் இதய மருத்துவராக இருந்தவள். அறிக்கையில் மனிதக் கையெழுத்து இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்ததால் நெஞ்சறி என்னை வைத்திருந்தது. வாசல் சொல்லும், நான் கையெழுத்துப் போடுவேன். அந்த வாசல் மீது எனக்கு மரியாதை இல்லை. அதை நம்பியவர்கள் மீது அதைவிடக் குறைவு.

பருப்புக் கிடங்கின் லோடுமேன்கள் வாசலுக்கு வந்தது ஆடி மாதத்தில். வணிகர் சங்கம் கட்டாயப்படுத்தி அனுப்பியது. நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவர் கையிலும் எண் பொறித்த பித்தளை வில்லை கட்டியிருந்தது, வாசல் அதையே அட்டையாக ஏற்றுக்கொண்டது. நாற்பத்தொரு பேரும் உள்ளே நடந்து வெளியே வந்தார்கள். முப்பத்தெட்டு சிவப்பு. பச்சை மூன்றே மூன்று.

நிறுவனத்தின் வட்டார மேலாளர் நிரஞ்சன் என்ற இளைஞன். தொலைபேசியில் கூப்பிட்டான். “முப்பத்தெட்டு உயிர், டாக்டர். ஒரே நாள்ல,” என்றான்.

நான் திரையில் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் இதயச் சுவர் ஒரே சீராகத் தடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

“உங்க வாசல் யார் இதயத்தைப் பார்த்துக் கத்துக்கிச்சு நிரஞ்சன்?”

“பத்து லட்சம் பேரோட இதயத்தைப் பார்த்து.”

“அதுல நாற்காலியில உட்காராதவங்க எத்தனை பேர்?”

நான் எடுத்துச் சொன்னேன். இதயமும் தசைதான். ஐம்பது கிலோ மூட்டையை நாள் முழுதும் தூக்குகிறவனுக்குத் தோள் பருப்பது போல இதயச் சுவரும் தடிக்கும். அது ஆரோக்கியம். பிறவியிலேயே வரும் ஒரு நோயிலும் சுவர் தடிக்கும். அதற்கு வெளியில் ஒரு குறியும் இருக்காது, ஆள் சிரித்துக்கொண்டே இருப்பான், ஒருநாள் விழுவான். உட்கார்ந்தே இருக்கும் பத்து லட்சம் பேரிடம் பாடம் படித்த வாசலுக்கு, தடித்த இதயம் என்றாலே நோய்தான். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மூன்று மாதம் மூட்டை தூக்காமல் இருந்தால், உழைப்பால் தடித்தது தானாக இளைக்கும். நோயால் தடித்தது அப்படியே இருக்கும்.

நிரஞ்சன் அரைமனதாக ஒப்புக்கொண்டான். முப்பத்தெட்டு அறிக்கையிலும் ஒரே வாக்கியத்தை ஒட்டினேன்: ‘உழைப்பால் ஏற்பட்ட தடிப்பு. மூன்று மாத ஓய்வுக்குப் பின் மறுசோதனை.’ கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கிடங்குக்கே போய்ச் சொன்னேன். எல்லோரும் கூடி நின்றார்கள். அவர்கள் மேஸ்திரி குருவையா, அறுபதை நெருங்குகிறவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். உங்கள் நெஞ்சைப் பார்த்து அந்த வாசலே பயந்துவிட்டது, மாவு பிசைந்த மாதிரி இருக்கும் இதயங்களை மட்டுமே பார்த்துப் பழகிய இயந்திரம் அது, உங்களுக்கு ஒன்றும் இல்லை, மூன்று மாதம் மூட்டையைத் தொடாதீர்கள், அது போதும் என்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த மூன்று மாதம் அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. நிறுவனம் தன் சின்னம் பொறித்த பையில் வீட்டுக்கு மாதம் ஒரு முறை மளிகை கொடுத்தது. பை நன்றாக இருந்தது.

இரண்டாவது மாதம் நிரஞ்சன் ஒரு விழா எடுத்தான். பச்சை அட்டை வாங்கிய மூன்று லோடுமேன்களின் வில்லைகளில் பதிவான வேலையைக் கணினி கணக்கிட்டிருந்தது. முன்பு நாற்பத்தொரு பேர் தூக்கியதை அந்த மூவர் மட்டுமே தூக்கியிருந்தார்கள். நல்ல இதயம் பத்து மடங்கு உழைக்கும் என்று மேடையில் அவன் பேசினான். மூவருக்கும் கேடயம் கொடுத்தான். ஒருவர் குருவையா. இன்னொருவர் எடை போடுகிறவர். மூன்றாமவர் கிடங்குக் காவலாளி, ஒரு கால் சற்று ஊனம். நான் முன் வரிசையில் உட்கார்ந்து, இந்த முட்டாள் பையனுக்கு யார் வேலை கொடுத்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மூவரும் எப்படித் தூக்கினார்கள் என்று யோசிக்கவில்லை. கணினி தப்பாகக் கணக்கிட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். இயந்திரம் என்றால் முட்டாள் என்ற முடிவில் எனக்கு அத்தனை சௌகரியம் இருந்தது.

ஐப்பசியில் மறுசோதனை. வாசலுக்கு இந்தப் பக்கம் திரையைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவரும் வரும்போது ஒரே கேள்வி கேட்டேன்: இந்த மூன்று மாதத்தில் மூட்டை தூக்கினீர்களா?

“பேருக்குத் தூக்குனேன்மா,” என்றார் முதல் ஆள்.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். சும்மா பேருக்கு ஒன்றிரண்டு தூக்கியிருக்கிறார்கள், பாதகமில்லை என்று நானும் ‘பெயரளவில்’ என்று ஒவ்வொரு அறிக்கையிலும் குறித்தேன். பத்தொன்பதாம் எண் ஒருவர் மட்டும், ஒரு மூட்டைகூடத் தொட்டதில்லை, சாமி சத்தியம் என்றார்.

முடிவைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தேழு இதயங்கள் துளிகூட இளைக்கவில்லை. பத்தொன்பதாம் எண் மட்டும் மெலிந்து, அழகாக, பாடப் புத்தகத்தில் அச்சடிக்கலாம் போல இருந்தது. வாசல் அதற்குப் பச்சை கொடுத்தது.

ஒருவருக்கும் இளைக்கவில்லை என்றால் என் முறையைச் சந்தேகப்பட்டிருப்பேன். பத்தொன்பது இளைத்துக் காட்டியதுதான் வினை. முறை சரி என்று ஆகிவிட்டது. முறை சரி என்றால் முப்பத்தேழு பேரும் நோயாளிகள். இத்தனை பேருக்கு எப்படி என்று மனது கேட்டது. ஒரே ஊர், ஒரே சொந்தபந்தம், பரம்பரை நோய், இருக்கலாம் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நிரந்தரச் சிவப்புக்குக் கையெழுத்துப் போட்டேன். நிரஞ்சன் வெற்றிப் புன்னகையோடு எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தான். பத்தொன்பதாம் எண் சீனிச்சாமி என்பவருடையது. நான் போய்ப் பார்க்கவில்லை, ஆனால் அவர் புகைப்படத்தைப் பேருந்து நிலையத்தில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள்: ‘ஓய்வு எடுத்தேன், உயிர் மீண்டேன்.’

நான்கு நாள் கழித்து குருவையா என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முப்பத்தேழு பேரையும் இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார். நான் பொறுமையில்லாமல் பதில் சொன்னேன். ஓய்வெடுத்தும் இளைக்காத இதயத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அதேதான் என்றேன்.

“ஓய்வா?” என்றார் குருவையா. “யாரும்மா ஓய்வு எடுத்தா?”

“எல்லாரும் பேருக்குத்தான் தூக்கினதா சொன்னாங்களே.”

“ஆமா. எங்க மூணு பேர் பேருக்கு. எங்க வில்லையை மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு அவுக தூக்குனாக.” என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். “எங்கள்ல ஒருத்தனுக்குக் காச்சல்னா, பெஞ்சாதி பிள்ளை பெத்தான்னா, அவன் வில்லையை வாங்கி இன்னொருத்தன் கட்டிக்கிருவான். அவன் பேருக்குத் தூக்குவான். அந்தக் கூலி அவன் வீட்டுக்குப் போயிரும். எங்க அப்பன் காலத்துலருந்து இப்படித்தாம்மா. நீங்க பேருக்குன்னா என்னன்னு நினைச்சீக?”

நான் என்ன நினைத்தேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு நாளும் ஓய்வெடுக்காத முப்பத்தேழு ஆரோக்கியமான மனிதர்களை நான் நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அந்த அதிர்ச்சியிலும் என் வாய் அடங்கவில்லை. அந்தச் சீனிச்சாமியைப் போலச் சொன்னபடி கேட்டிருக்கக் கூடாதா என்றேன்.

குருவையா தலையைச் சொறிந்தார். “சீனி எங்கம்மா கேட்டான். அவன்தான் எல்லாரையும்விடக் கூடத் தூக்குனது. அன்னைக்கு மகளுக்கு மொட்டை போட இருக்கன்குடி போயிருந்தான். வரமுடியலன்னு அவன் வில்லையைக் கட்டிக்கிட்டு டீக்கடை தேவசகாயம் வந்தாப்ல. வேற ஆள் கிடைக்கல. அவரு பிறந்ததுலருந்து ஒரு மூடை தூக்குனதில்ல.”

சாமி சத்தியம் என்று தேவசகாயம் சொன்னதில் பொய்யே இல்லை. முப்பத்தேழு பேரின் பிழைப்பில் மண் விழ ஒரு டீக்கடைக்காரரின் நோஞ்சான் இதயம் காரணமாக இருந்திருக்கிறது. அதற்கு நான் மருத்துவ விளக்கமெல்லாம் எழுதியிருந்தேன்.

அப்படியானால் சீனிச்சாமியின் சொந்த இதயம் எது? ஆடி மாதத்துப் பழைய படம்தான் அவருடையது. அதைத் தேடித் திறந்தேன். அப்போதுதான் முதன்முறையாகத் திறந்தேன். மற்ற லோடுமேன்களுக்கு இதயச் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தடித்திருந்தது என்று சொன்னேன் அல்லவா, இவருக்கு அப்படி இல்லை. நடுச்சுவர் மட்டும் மற்றச் சுவரைப் போல இரு மடங்கு வீங்கி, ரத்தம் வெளியேறும் பாதையை நெருக்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் வருட மாணவி பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். படத்தின் கீழே வாசல் ஒரு குறிப்பும் எழுதியிருந்தது: ‘மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது. மருத்துவர் பார்க்கவும்.’ அதற்கும் கீழே நான் ஒட்டிய வாக்கியமும் என் கையெழுத்தும். முப்பத்தெட்டு அறிக்கைகளையும் நான் முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிடம் என்று கணினி குறித்து வைத்திருந்தது.

“சீனிச்சாமி இப்ப எங்க இருக்கார்?” என்று கேட்டேன்.

“எங்க இருப்பான். பச்சை கெடச்சிருச்சுல்ல, எல்லாருக்கும் சேத்து அவன்தான் தூக்குறான். நிரந்தரச் சிவப்புன்னதும் மத்தவுகளைக் கிடங்குக்குள்ளயே விடமாட்டேங்காக.”

குருவையாவை ஏற்றிக்கொண்டு கிடங்குக்கு வண்டியில் போகும்போதே நிரஞ்சனைக் கூப்பிட்டு, பத்தொன்பதாம் எண்ணை உடனே நிறுத்தச் சொன்னேன். அவன் திடுக்கிட்டான். அது பச்சை, பேருந்து நிலையத்தில் படம் இருக்கிறது, அடுத்த வாரம் அமைச்சர் அவர் கையைக் குலுக்கப் போகிறார் என்றான். உங்கள் வாசல் முதல் நாளே அவரைச் சிவப்பு என்று சரியாகச் சொன்னது என்றேன்.

“அந்தச் சிவப்பு தப்புன்னு எழுதிக் குடுத்ததே நீங்கதானே டாக்டர்,” என்றான் நிரஞ்சன். இத்தனை நாளாக நான் அவனோடு பேசிய தொனியிலேயே அதைச் சொன்னான். கச்சிதமாக இருந்தது.

கிடங்கின் வாசலில் லாரி நின்றது. லாரியிலிருந்து கிடங்குக்குள் போட்டிருந்த பலகையில் ஒருவர் உளுந்து மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். தலையில் சும்மாடு, முகத்தில் வியர்வை, உதட்டில் ஏதோ பாட்டு. சீனிச்சாமி என்று குருவையா கைகாட்டினார். அந்த ஆளின் முகத்தை நான் அன்றுதான் நின்று பார்க்கிறேன். அவர் இதயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கியிருந்தேன்.

“மூட்டையை அப்படியே கீழ போடுங்க,” என்றேன்.

“சாக்கு பொத்துக்கிரும்மா. இந்தா, அடுக்கிட்டு வந்துருதேன்,” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்தார். உள்ளே மூட்டைகளை அடுக்கியிருந்த அட்டியின் உயரம் வரை படியேறி, மூட்டையைச் சாய்த்து, ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டு இறங்கினார். அந்த நேரம் முழுவதும் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு நினைவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் மற்றவர்கள் வேலை கிடைக்குமா என்று நின்றுகொண்டிருந்தார்கள். அங்கேயே ஒரு சாக்கை விரித்து அவரைப் படுக்க வைத்தேன். என்னிடம் கைக்கு அடக்கமான பழைய எக்கோ கருவி ஒன்று இருந்தது. நெஞ்சில் களிம்பைத் தடவி அதை வைத்தேன். ஆடி மாதம் வாசல் காட்டியது அப்படியே இருந்தது. வீங்கிய நடுச்சுவர், நெருங்கிய பாதை. இருபது நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு சொன்னேன். மூட்டை தூக்கக் கூடாது, இன்றைக்கு மட்டுமல்ல, எப்போதும். நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவி வைக்கலாம், மாத்திரை இருக்கிறது, கவனமாக இருந்தால் பேரன் பேத்தி பார்க்கலாம். தூக்கினால் எந்த மூட்டை கடைசி மூட்டை என்று யாராலும் சொல்ல முடியாது. மகளையும் பார்க்க வேண்டும், இது குடும்பத்தில் வருவது.

சீனிச்சாமி எழுந்து உட்கார்ந்து, நெஞ்சில் இருந்த களிம்பைத் துண்டால் துடைத்தார். மகள் என்றதும் ஒரு நிமிடம் கை நின்றது. தனக்கு ஒரு வலியும் இல்லையே, இருமல்கூட வந்ததில்லையே என்றார். இருக்காது என்றேன்.

“அப்ப அந்த வாசல் மொதல்லயே சரியாத்தான் சொல்லியிருக்கு,” என்றார் அவர்.

“ஆமா.”

“அன்னைக்கு ராத்திரி வீட்ல அழுதா. ஆசுபத்திரிக்குப் போயி இன்னொரு தரம் பாருங்கன்னா. நானும் போகத்தான் இருந்தேன். விடிஞ்சதும் நீங்க வந்து சிரிச்சீக.” துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “படிச்சவுகளே சிரிக்காகளேன்னு நாங்களும் சிரிச்சோம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். கோபக்காரர்களை மடக்கத்தான் எனக்குத் தெரியும். அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அன்று இருட்டும் வரை அந்த முப்பத்தேழு பேரையும் ஒவ்வொருவராகச் சாக்கில் படுக்க வைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் சீரான, உழைத்துத் தடித்த, நல்ல இதயம். அறைக்குத் திரும்பி நிறுவனத்துக்கும் மருத்துவக் குழுவுக்கும் கடிதம் எழுதினேன். மறுசோதனையில் நான் கேட்ட கேள்விக்கு வந்த பதில் எனக்குப் புரியவில்லை, ஆகவே அந்தச் சோதனை செல்லாது, முப்பத்தேழு பேரும் வேலைக்குத் தகுதியானவர்கள் என்று எழுதினேன். வில்லைகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பத்தொன்பதாம் எண்ணின் நோயைக் கண்டுபிடித்தது வாசல், மறைத்தது நான் என்று எழுதினேன்.

எப்படி நடந்தது என்று விளக்கச் சொல்லி அவர்கள் கேட்பார்கள் என்று தெரியும். அதையும் அப்போதே எழுதிவிட்டேன். முப்பத்தெட்டு படங்களில் ஐந்தைப் பார்த்தேன். மீதியைப் பார்க்காமலே சிரித்துவிட்டேன்.